விசாவுக்கு ஃபுல் ஃபார்ம் கிடையாது

“காக்கா, விசா வந்துருச்சு, டிக்கெட் போடுங்க” என்று இந்த வாரமும் ஒரு தம்பி கீழக்கரைக் கடையில் என்னிடம் போனை நீட்டினான். (எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.) பார்த்தால் விசிட் விசா. எந்தக் கம்பெனி, என்ன வேலை, எவ்வளவு சம்பளம்? தெரியாது. வட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குப் பணம் மட்டும் கட்டியாயிற்று. கேட்டால், “அதான் விசா இருக்கே?”

இந்தக் குருட்டு நம்பிக்கைக்கு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டும் துணை. ‘விசிட்டர்ஸ் இன்டர்நேஷனல் ஸ்டே அட்மிஷன்’ என்பதன் சுருக்கம்தான் விசாவாம். தப்பு. விசா எந்தச் சொற்களின் முதலெழுத்தும் இல்லை. லத்தீனில் ‘கார்ட்டா விசா’ என்றால் பார்க்கப்பட்ட தாள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது ‘கார்ட்டா’ உதிர்ந்துவிட்டது. வீடியோவும் அதே வேர்தான். ஆக, அதிகாரி உங்கள் தாளைப் பார்த்தார், சரி என்று குறித்தார், அவ்வளவே. தங்க வைப்பேன், வேலை தருவேன் என்ற வாக்குறுதி அந்தச் சொல்லுக்குள் இல்லை. விசா இருந்தும் இமிகிரேஷனில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. (தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய நம் பெரியவர்களுக்கு இந்தக் கெடுபிடி வந்ததே 1948இல் இலங்கை குடிவரவுச் சட்டம் போட்ட பிறகுதான்.)

“போய் மாத்திக்கலாம்” என்பது ஏஜென்டின் பழைய பாட்டு. சில நாடுகளில் வேலை விசாவாக மாற்ற முடியும்தான். ஆனால் மாற்றும் வரை விசிட் விசாவில் வேலை பார்த்தால் மாட்டுவது நீங்கள், அவரல்ல. பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் ஈசிஆர் (எமிகிரேஷன் செக் ரெக்வயர்டு) பாஸ்போர்ட்டில் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ், அதாவது நம் அரசின் முன் அனுமதி, வேண்டும். அதைத் தட்டிக்கழிக்கத்தான் சுற்றுலா வேஷம். எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கலாம் என்று சொல்லி ‘ஃப்ரீ விசா’ என்றும் ஒன்று விற்கிறார்கள். வளைகுடாவில் எந்த நாட்டுச் சட்டத்திலும் அந்தப் பெயரில் ஒரு விசா இல்லை.

பயணம் போகிற பிள்ளைகளே, தயவுசெய்து வேலை ஒப்பந்தத்தை முதலில் கேளுங்கள். விசாவில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது? படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள், என்னிடம்தான் வரவேண்டும் என்றில்லை. ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் தேடுங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதற்கு ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்டுவிட்டு ரசீது இல்லை என்றால், உம்மாவின் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.