சத்தம் போடாத விரிசல்

கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். காரின் முன்பக்க சஸ்பென்ஷனில் உள்ள லோயர் ஆர்மை இலவசமாக மாற்றித் தருவதாகத் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. வண்டியில் சத்தமும் இல்லை, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கவும் இல்லை; நன்றாக ஓடும் வண்டியை எதற்காக மேட்டுப்பாளையம் வரை இறக்கிக் கொண்டுபோய்க் கழற்ற வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் எஃகுக் கை. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் எடை முன்சக்கரங்களுக்குச் சாய்கிறது. கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சாய்கிறது. இரண்டும் சேரும்போது வெளிப்பக்க முன்சக்கரத்தின் கைதான் பெரும்பாடு படுகிறது.

ஒரே தடவையில் அந்தக் கையை முறிக்கப் பெரும் விசை வேண்டும். ஆனால் கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்தால் விரலாலேயே முறித்துவிடலாம் என்பது நமக்குத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரயில் அச்சுகள் முறிவதை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், உலோகம் எளிதில் தாங்கக்கூடிய சுமைகூடத் திரும்பத் திரும்ப விழுந்தால் அதை முறித்துவிடும் என்று சோதனைகளால் நிறுவினார். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். வெல்டிங்கின் ஓரத்திலோ, நீலகிரியின் ஈரத்தில் துரு அரித்த சிறு பள்ளத்திலோ விசை குவிகிறது. அங்குள்ள உலோகப் படிகங்களுக்குள் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, பழைய இடத்துக்கு முழுவதுமாகத் திரும்பாமல் நின்றுவிடுகின்றன. அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் பிறந்து, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு வளைவிலும் நூலளவுகூட இல்லாத தூரம் முன்னேறுகிறது.

சில மாதங்களுக்கு முன் குன்னூர்ப் பட்டறை ஒன்றில் முறிந்த லோயர் ஆர்ம் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முறிந்த முகத்தில் முக்கால் பங்கு வழவழப்பாகப் பழுப்பேறி, குளம் வற்றும்போது கரையில் படியும் தடங்களைப் போல வளைவளைவாகக் கோடுகள் கொண்டிருந்தது. விரிசல் வளர்ந்தும் நின்றும் மீண்டும் வளர்ந்தும் வந்த வரலாறு அந்தக் கோடுகளில் இருக்கிறது. மீதிக் கால் பங்கு உடைத்த கற்கண்டைப் போலச் சொரசொரப்பாக மின்னியது. குழியில் விழுந்ததால் உடைந்தது என்றார் வண்டிக்காரர். குழி முறித்தது அந்தக் கால் பங்கை மட்டுமே. இப்படி முறிந்த பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் நம் பொறியியல் கல்லூரிகள் வாங்கி ஆராய வேண்டும், அதற்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகரின் வண்டி இன்று சத்தமின்றி ஓடுவது அதற்குள் விரிசல் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. வெல்டிங்கிலோ வெப்பப் பதப்படுத்தலிலோ பிழை நேர்ந்தால் அது அந்தத் தொகுதியில் தயாரித்த எல்லாப் பாகங்களிலும் இருக்கக்கூடும் என்பதால்தான், பழுது தெரியாத வண்டிகளையும் சேர்த்துத் திரும்ப அழைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 110ஏ பிரிவின் மூலம் இப்படி அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. முன்கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் அதைக் கட்டிவிட்டு இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடும் குடும்பங்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பழைய வண்டியாக வாங்கியவர்களுக்குக் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்கே போயிருக்கலாம். அவர்கள் ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்து சேசிஸ் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்வது நல்லது. மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லி, செய்த வேலையை ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோத்தகிரி வாசகருக்கு மட்டும் இன்னொரு வேண்டுகோள்: மலையிறங்குவதற்கு முன் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, இந்த வண்டியை ஓட்டி வரலாமா, ஏற்றித்தான் கொண்டுவர வேண்டுமா என்று கேளுங்கள்.