மட்டிப்பழம் கொடுத்தால் பேட்டரி இறங்காது

ஆவணியில் அத்தப்பூக் கோலத்தோடு தொடங்கி, பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரிக் கொலு, தீபாவளி என்று நகர்ந்து, திருக்கார்த்திகை அன்று ஓலைக் கொழுக்கட்டை வேகும் மணத்தோடு நிறைவடையும் இந்த மாதங்கள்தான் குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்து வீடுகளில் குழந்தைகளின் கை ஓயாத காலம். மழை வெளியே விளையாட விடாது. பள்ளியிலும் கைவேலை செய்து வரச் சொல்வார்கள். ஆகவே வீட்டுக்கூடம் முழுவதும் வண்ணத்தாளும் பசையும் மணியுமாகக் கிடக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரான எனக்கும் இது கை ஓயாத காலம் என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருக்கிறது.

அண்மையில் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொலுப்படியில் வைத்திருந்த, தண்ணீர் பட்டால் எரியும் பிளாஸ்டிக் அகல்விளக்கு ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த பட்டன் பேட்டரியைக் குழந்தை காலையில் விழுங்கியிருக்கிறது. அதைப் பார்த்த அண்ணன் உடனே சொல்லியும் இருக்கிறான். ஆனால் மருத்துவமனைக்கு வந்தபோது மாலையாகிவிட்டது. இடைப்பட்ட நேரம் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக மட்டி வாழைப்பழத்தை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். “பழம் குடுத்தோம்லா டாக்டரே, எறங்கிரும்லா?” என்று பாட்டி கேட்டபோது, எக்ஸ்ரே படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். உணவுக்குழாயின் மேல்முனையில், விளிம்புக்குள் இன்னொரு வளையம் தெரியும் வட்டமாக அது அப்படியே நின்றுகொண்டிருந்தது. (நாணயமாக இருந்தால் பொதுவாக ஒரே வட்டமாகத் தெரியும், இந்த இரட்டை வளையத்தைக் கண்டால் நாங்கள் அறுவை அரங்கை நோக்கி நடக்க மாட்டோம், ஓடுவோம்.) பேட்டரியை எடுத்துவிட்டோம். குழந்தைக்கு இன்னும் மூக்குவழிக் குழாயில்தான் பால் செலுத்தப்படுகிறது.

மட்டிப்பழத்தின் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழத்தைத்தான் இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்கு முதல் உணவாக ஊட்டி வருகிறோம். என் கோபமெல்லாம், குழந்தை எதை விழுங்கினாலும் பழத்தையோ சோற்று உருண்டையையோ கொடுத்து அதைக் கீழே தள்ளிவிடலாம் என்ற நம்பிக்கையின் மீதுதான். மீன் முள் குத்தினால் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்லும் கடற்கரைப் பழக்கத்திலிருந்து இது வந்திருக்கலாம். முள்ளுக்கே அது தவறான வைத்தியம், ஏனென்றால் மேலோட்டமாகக் குத்திய முள்ளை உருண்டை இன்னும் ஆழமாக ஏற்றிவிடும். நாணயம் போன்ற வழவழப்பான பொருள் இரைப்பைக்குள் இறங்கிவிட்டதென்றால், பெரும்பாலும் அது பழத்தின் உதவியில்லாமலே வெளியேறிவிடும். உணவுக்குழாயில் சிக்கி நிற்கிறதென்றால், மேலே ஊட்டிய பழம் அதைச் சுற்றி அப்பிக்கொள்ளும். வாந்தியாக மேலே வந்தால் மூச்சுக்குழாய்க்குள் புகும். மயக்க மருந்து கொடுப்பதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால், நிறைந்த வயிற்றோடு வரும் குழந்தை எங்கள் மயக்க மருத்துவருக்குக் கூடுதல் ஆபத்தைக் கையில் கொடுக்கிறது. பொருள் மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால், பழம் அதைத் தொடவே போவதில்லை. அது வேறு குழாய். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நம் வீட்டில் ஏன் திறக்கவில்லை என்று காத்திருப்பதைப் போன்ற வேலை அது. இதை வெளிநோயாளர் பிரிவில் எத்தனை முறை விளக்கினாலும், “எங்க பாட்டி காலத்திலிருந்து அப்படித்தானே” என்ற பதில் வருகிறது. உங்கள் பாட்டி காலத்தில் கொலுப்படியில் லித்தியம் பேட்டரி இல்லை.

பேட்டரி உடைந்து அமிலம் கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உடைய வேண்டியதே இல்லை. ஈரமான சதையைத் தொட்டவுடன் அதன் வழியே மின்னோட்டம் பாய்ந்து, எதிர்மின்முனையை (மைனஸ் பக்கத்தை) தொட்டிருக்கும் இடத்தில் கடுமையான காரம் உருவாகத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். விளக்கை எரிய வைக்கும் சக்தி தீர்ந்துபோன ‘செத்த’ பேட்டரியிலும் இதைச் செய்யும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் புண் உள்ளுக்குள் பரவி, சில நாள்கள், ஏன், சில வாரங்கள் கழித்துக்கூட மூச்சுக்குழாயில் ஓட்டையோ பெரிய இரத்தக்குழாயில் கசிவோ ஏற்பட்ட குழந்தைகள் உண்டு. இவற்றில் மிகவும் கொடியது 20 மில்லிமீட்டர் அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. முதுகில் சிஆர் 2032 என்று அச்சிட்டிருக்கும் அதே நாணய அளவுப் பேட்டரிதான். கார் சாவியிலும், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும், சில ரிமோட்டுகளிலும், மினுங்கும் அலங்கார விளக்குகளிலும் அது இருக்கிறது.

இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் இந்த அகல்விளக்கு பொம்மையாக அல்ல, அலங்காரப் பொருளாக விற்பனைக்கு வருகிறது. அதன் அடிமூடியில் திருகாணி இருக்காது. நகத்தால் நெம்பினாலே கழன்றுவிடும். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூன் முதல், பட்டன் பேட்டரி உள்ள நுகர்பொருள்களில் பேட்டரி அறையைக் குழந்தையால் திறக்க முடியாதபடி செய்வது கட்டாயமாகிவிட்டது. இங்கே அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். மூடியில் திருகாணி இல்லாத எந்த விளக்கையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்குள் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். நவராத்திரி தொடங்குவதற்கு முன், பத்மநாபபுரம் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் ஊர்வலத்தைக் காட்டுவதற்காகக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்கும்போது, அங்கே விற்கும் மினுங்கும் கைவளையத்துக்கும் இதே விதி பொருந்தும்.

பேட்டரி மூக்குக்குள் போனாலும் இதே வேகம் வேண்டும். சில மணி நேரத்தில் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்துவிடும். சொட்டு மருந்து விட்டால் ஈரம் கூடி அரிப்பு இன்னும் விரைவாகும்.

பேட்டரி தவிர்த்த மற்றவை மூக்கிலோ காதிலோ போனால் அவசரம் குறைவு என்றாலும் அலட்சியத்துக்கு இடமில்லை. கொலு அலங்காரத்துக்கு வாங்கும் பாசிமணி, முத்து, ஒட்டுக்கல், தெர்மோகோல் உருண்டை ஆகியவை இரண்டு முதல் நான்கு வயதுவரையிலான குழந்தையின் மூக்கைத் தேடிப் போகும். அந்தக் குழந்தை அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடாது. ஒரு மூக்கில் மட்டும் சளி ஒழுகுகிறது, அதுவும் நாற்றமடிக்கிறது என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை உள்ளே ஏதோ இருக்கிறது என்றே எங்களுக்குக் கற்பித்தார்கள். பல ஆண்டுகள் கழித்தும் நான் அதை நம்புகிறேன். மூன்று வாரங்களாகச் சளி மருந்து குடித்துவிட்டு வரும் குழந்தையின் மூக்கிலிருந்து பச்சை நிறப் பாசிமணியை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைக்கும்போது, அந்த அம்மாவின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். வீட்டில் ஊக்கு, இடுக்கி, விரல் எதையும் விட்டுத் தோண்டாதீர்கள். காதில் பயறோ கடலையோ போனால் தண்ணீரோ சொட்டு மருந்தோ விடக் கூடாது. அது ஊறிப் பெருத்துவிடும்.

தண்ணீரில் ஊறிப் பல மடங்கு பருக்கும் வண்ண ஜெல்லி உருண்டைகளை உருளியில் மிதக்க விடுவது இப்போது வழக்கமாகி வருகிறது. விழுங்கினால் குடலுக்குள்ளும் அது பருக்கும், எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்குப் பதிலாகத் தோவாளைப் பூவை மிதக்க விடுங்கள்.

களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முழுதாக விழுங்கினால் கெட்டித் தோல் காப்பாற்றிவிடுவது உண்டு. கடித்தாலோ, நூல் கோப்பதற்குத் துளையிட்டதை விழுங்கினாலோ உள்ளிருக்கும் கடுமையான நஞ்சு வெளிப்படும். அதைக் குழந்தையின் கையில் கொடுக்காமல் நீங்களே வையுங்கள். சிலையைக் கரைக்கும்போது நினைவாக எண்ணி எடுத்துவிடுங்கள்.

இனி, கைவேலையைவிட நைவேத்தியம் எனக்கு அதிகமாக அனுப்பிவைக்கும் குழந்தைகளைப் பற்றி. கொலு நாள்களின் நிலக்கடலைச் சுண்டலும், சரஸ்வதி பூஜையின் பொரிகடலையும், ஓணத்து உப்பேரியும் (நேந்திரங்காய் வறுவல்) நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் வாய்க்கு ஏற்றவை அல்ல. அரைக்கும் கடைவாய்ப்பற்கள் முழுமையாக வராத வாயில், ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ கடலையைப் போட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் நழுவுகிறது. இங்கே பெற்றோரை ஏமாற்றுவது அடுத்து வரும் அமைதிதான். முதலில் புரையேறிக் கண்ணீர் வழிய இருமிய குழந்தை, பத்து நிமிடத்தில் இருமலை நிறுத்திவிட்டு மறுபடி விளையாடப் போய்விடும். கடலை கீழே இறங்கி நுரையீரல் கிளையில் உட்கார்ந்துகொண்டது என்பதே அதற்குப் பொருளாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. ஒரு வாரம் கழித்து ஒருபக்க இளைப்போடும் காய்ச்சலோடும் வரும்போது, கடலை ஊறி, எண்ணெய் கசிந்து, சுற்றிலும் புண்ணாகியிருக்கும். அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் நோயாளிகளின் உணவுக்குழாயிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த 2,374 பொருள்கள் ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் இழுப்பறைகளில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவர் 1958இல் காலமானார்; நிலக்கடலை மட்டும் இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது. சுண்டலை மசித்துக் கொடுங்கள், கடலையைப் பொடித்துக் கொடுங்கள், உட்கார வைத்துக் கொடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் குழந்தையைக் கைவேலையிலிருந்தே விலக்கிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வயதுக் குழந்தைக்கு அத்தப்பூவுக்கான இதழ்களைப் பிய்த்து நிறவாரியாகப் பிரிப்பதும், களிமண்ணைப் பிசைந்து கோணல்மாணலாக ஒரு யானை செய்து கொலுவின் கீழ்ப்படியில் வைப்பதும் போதுமான வேலை. பனையோலையைக் கிழித்துக் காற்றாடி செய்யத் தெரிந்த தாத்தா இந்த மாவட்டத்தில் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்; ஓலை நறுக்கின் விளிம்பு கையைக் கிழிக்காமல் பார்த்துக்கொண்டால், மழைக்கால மாலை ஒன்று அதிலேயே கழிந்துவிடும். கார்த்திகைக் கொழுக்கட்டைக்கு ஓலைக்குள் மாவை அடைக்கும் வேலையைக் குழந்தைக்கே விட்டுவிடலாம். எந்தப் பொருள் வேண்டும், எது வேண்டாம் என்று ஐயம் வந்தால் ஓர் அளவு சொல்கிறேன். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். வீட்டில் அதைவிடச் சற்றே அகலமான டிஷ்யூ சுருளின் நடு அட்டைக்குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் விழும் எதுவும் அந்த வயதுக் குழந்தையின் கைவேலைப் பொருள் அல்ல. ஊதாத பலூனும், கிழிந்த பலூன் துண்டும் எந்த அளவாக இருந்தாலும் கூடாது.

அடைத்துவிட்டால் என்ன செய்வது? குழந்தை சத்தமாக இருமினால் இரும விடுங்கள். சத்தமே வராமல் திணறினால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் கவிழ்த்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டுங்கள்; பிறகு மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியை இரு விரலால் ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து தட்டு, பின்னாலிருந்து அணைத்து மேல்வயிற்றை உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்யும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். காலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்காதீர்கள்.

பேட்டரி விழுங்கியதாக ஐயம் இருந்தாலே கிளம்பிவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உணவு கொடுக்காதீர்கள். ஒரே விதிவிலக்கு தேன். விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து, விழுங்கவும் முடிந்தால், வரும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி வீதம், ஆறு முறைக்கு மிகாமல் கொடுக்கலாம். அது பேட்டரியைத் தள்ளுவதற்காக அல்ல, புண் ஆழமாவதைச் சற்றுத் தாமதப்படுத்துவதற்காக. வீட்டில் தேன் இல்லையென்றால் கடை தேடி நிற்க வேண்டாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா திருவனந்தபுரமா என்று குடும்பமே கூடி விவாதிப்பதை நம் எல்லைப்புறத்தில் அடிக்கடி காண்கிறேன். எக்ஸ்ரேயும் குழந்தைகளுக்கான உள்நோக்கிக் கருவியும் (எண்டோஸ்கோப்) இருப்பவற்றுள் எது அருகிலோ அங்கே செல்லுங்கள், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். வரும்போது அதே பெட்டியில் வாங்கிய இன்னொரு விளக்கையோ, மிச்சமிருக்கும் பேட்டரியையோ, அதன் அட்டையையோ மறக்காமல் கையோடு எடுத்து வாருங்கள். அதில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து எந்த வகை, எவ்வளவு அகலம் என்பதை நாங்கள் உடனே தெரிந்துகொள்வோம்.