மோட்டவுன் பாட்டு ஒண்ணு கூட இல்லாம ஒரு மோட்டவுன் படம்: ட்ரீம்கேர்ள்ஸ் எப்படி வேலை செய்யுது

மூணு கறுப்பினப் பொண்ணுங்க பாடுற ஒரு குரூப்போட கதைதான் 2006ல வந்த ட்ரீம்கேர்ள்ஸ். அந்தப் படத்தைப் பாத்தவங்க நிறைய பேர் அதுல வர்றது எல்லாம் 60கள்ல அமெரிக்காவுல டெட்ராய்ட்ல மோட்டவுன்ங்கற ரெக்கார்டு கம்பெனி போட்ட பழைய பாட்டுன்னே நினைச்சுக்குவாங்க. ஆனா முக்கியமான பாட்டு எதுவுமே அப்படி இல்ல, பாதிக்கு மேல 1981ல நியூயார்க் பிராட்வே மேடைல வந்த மியூசிக்கலுக்காக, அதாவது பாட்டாலயே கதை சொல்ற நாடகத்துக்காக, ஹென்றி க்ரீகர் மெட்டு போட்டு டாம் ஐயன் எழுதுனது, மிச்சம் படத்துக்காகப் புதுசா போட்டது. அப்புறம் ஏன் அவ்ளோ பழசா கேக்குது?

நம்ம காது ஒரு காலத்தை அடையாளம் புடிக்கிறது மெட்ட வச்சு இல்ல, சத்தத்த வச்சுதான். பாடகி வாய் திறக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு செகண்ட்ல இது எந்தக் காலம்னு தெரிஞ்சுரும். மோட்டவுன் ரெக்கார்டு நிறையதுல ஸ்னேர் ட்ரம் நாலு அடியிலயும் விழும், கூடவே டாம்பரின், கைதட்டல், அடியில ஜேம்ஸ் ஜேமர்சனோட பேஸ் கிட்டார் தனியா ஒரு பாட்டு பாடிட்டே போகும். மோட்டவுனோட பெண்கள் குரூப்பான சுப்ரீம்ஸ் 1964ல பாடுன 'வேர் டிட் அவர் லவ் கோ' ஆரம்பத்தைக் கேட்டுப் பாருங்க, தட் தட்னு வர்றது ட்ரம் இல்ல, பலகை மேல ஏறி நின்னு காலால மிதிச்ச சத்தம். இந்த மாதிரி அடி, வாத்தியக் கலவை, பின்பாட்டு பாடுற ஸ்டைல் இதுக்கெல்லாம் பொதுவா காப்பிரைட் கிடையாது, மெட்டுக்கும் வரிக்கும்தான் உண்டு. அதனால மெட்ட விட்டுட்டு மத்ததெல்லாம் எடுத்துக்கலாம், க்ரீகர் செஞ்சது அதைத்தான்.

ஆனா அதோட நின்னா கதை நகராது. ரேடியோ பாட்டுங்கறது ஒரே உணர்ச்சிய மூணு நிமிஷம் சுத்திச் சுத்தி வர்றது, கேக்குறவன் மனசுல ஒட்டணும்னா திரும்பத் திரும்ப வந்தாகணும். மேடைப் பாட்டுல பாட்டு முடியும்போது ஆள் ஆரம்பிச்ச இடத்துல இருக்கக் கூடாது. படத்துல அந்தப் பொண்ணுங்க குரூப்புல இருந்து தூக்கப்பட்ட எஃபி, நான் போக மாட்டேன்னு பாடுற பாட்ட கவனிச்சா இது புரியும், கெஞ்சுறதுல ஆரம்பிச்சு, அடம் புடிச்சு, கடைசில கத்தி ஓஞ்சு போறா. சத்தம் சர்ச் பாட்டு மாதிரி, சோல்ங்கற கறுப்பின இசை மாதிரி இருக்கும், உள்ள இருக்குற கட்டமைப்பு சுத்தமான நாடகம். இந்த ரெண்டையும் தையல் தெரியாம சேக்குறதுதான் பெரிய வேலை, படத்துல அது நல்லாவே அமைஞ்சிருக்கு.

வரலாறும் அப்படித்தான் உள்ள வருது. படத்துல கறுப்பினப் பாடகர்கள் பாடுன 'காடிலாக் கார்' பாட்டு மேல ஏறிட்டு இருக்கும்போதே ஒரு வெள்ளைக்காரப் பாடகர் டிவில அதையே சப்புன்னு பாடி பேர் வாங்கிருவாரு. இந்த மாதிரி நடந்தது வெறும் கற்பனை இல்ல. 1955ல கறுப்பினப் பாடகர் ஃபேட்ஸ் டாமினோவோட 'எய்ன்ட் தட் எ ஷேம்' பாப் பட்டியல்ல பத்தாவது இடம் வரைக்கும்தான் போச்சு, வெள்ளைக்காரரான பேட் பூன் பாடுன அதே பாட்டு முதல் இடம். அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு ஒரு தடவ வெளிவந்துட்டா யார் வேணா பணம் கட்டிட்டுப் பாடிப் பதிவு பண்ணலாம், 1909 சட்டம் வச்ச விலை ஒரு பிரதிக்கு 2 சென்ட், அதுவும் பாட்டுக்குச் சொந்தக்காரங்களுக்கு. டாமினோ பாட்டு எழுதுனவர்ல ஒருத்தர், அவருக்கு அது வந்துச்சு. வெறுமனே பாடிக் கொடுத்தவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. படத்துல இந்தக் கோவத்துலதான் மேனேஜர் கர்டிஸ் தன்னோட பாட்டப் போடச் சொல்லி ரேடியோக்காரங்களுக்கு லஞ்சம் கொடுக்க ஆரம்பிக்கிறான், அப்படி ஒரு நிஜ அநியாயம் கதைக்குக் காரணமா மாறிடுது.

ஆனா கர்டிஸ்ல மோட்டவுன் முதலாளி பெரி கோர்டியோட சாயல் இருக்கே, அங்கதான் சிக்கல். கோர்டி அப்படிப்பட்டவர் இல்லன்னு மோட்டவுன் ஆளுங்க கொந்தளிக்க, 2007ல படக் கம்பெனிகள் பத்திரிகைல விளம்பரம் போட்டே மன்னிப்புக் கேட்டாங்க. இன்னொரு இடத்துல கதை நிஜத்தத் தலைகீழாக்குது: படத்துல ஜிம்மிங்கற பாடகனோட சமூகப் பாட்டக் கர்டிஸ் அமுக்கிடுறான், நிஜத்துல மோட்டவுன் பாடகர் மார்வின் கேயோட 'வாட்ஸ் கோயிங் ஆன்' கோர்டிக்குப் பிடிக்காமலே 1971ல வெளிவந்து பெரிய ஹிட் ஆச்சு.

எஃபி விஷயம்தான் எனக்கு ரொம்ப உறுத்துது. அவளுக்கு மூலம் சுப்ரீம்ஸ்ல இருந்த ஃபுளோரன்ஸ் பல்லார்ட். அந்தக் குரூப்புக்கு சுப்ரீம்ஸ்ங்கற பேரைத் தேர்ந்தெடுத்ததே அவங்கதான். 1967ல லாஸ் வேகஸ்ல நிகழ்ச்சி நடக்கும்போதே அவங்கள வெளிய அனுப்பி சிண்டி பேர்ட்சாங்னு இன்னொரு பாடகிய கொண்டு வந்தாங்க, குரூப் பேரும் 'டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்'னு ஆச்சு. கம்பெனி மேல வழக்குப் போட்டுத் தோத்து, அரசாங்க உதவிப் பணத்துல வாழ்ந்து, 1976ல 32 வயசுல மாரடைப்புல செத்துப் போனாங்க. எஃபி மட்டும் படத்துல ஜெயிச்சு, கடைசி நிகழ்ச்சில மத்தவங்களோட மேடையேறுறா. மியூசிக்கலுக்கு அந்த முடிவு தேவை, எல்லாரும் சேந்து பாடாம திரை விழாது, அது எனக்குப் புரியுது. ஆனா பாக்குறவங்க மனசுல அந்த முடிவே நிஜமாத் தங்கிடுதே. எஃபியா நடிச்ச ஜெனிஃபர் ஹட்சன் கோல்டன் குளோப் வாங்கும்போது அத பல்லார்டுக்குச் சமர்ப்பிச்சது நல்ல காரியம், அதுக்கப்புறமாவது அந்தப் பேரைத் தேடுனவங்க இருந்திருப்பாங்க.

மியூசிக்கல் நிஜத்துக்கிட்ட வாங்குனது மட்டும் இல்ல, திருப்பிக் கொடுத்ததும் உண்டு: சுப்ரீம்ஸ்ல இருந்த மேரி வில்சன் 1986ல தன்னோட சுயசரிதைக்கு 'ட்ரீம்கேர்ள்'னுதான் பேர் வச்சாங்க.