பனிக்காலத்துல ஆத்துத் தண்ணி ஏறி இறங்கினா மீனுக்கு என்ன ஆகும்?

அணைன்னாலே மீன் போற வழி அடைபட்டுப் போச்சுங்கிறதைத்தான் நாம பேசுறோம். ஆனா அணைக்கு 100 கிலோமீட்டர் கீழ, எந்தத் தடுப்பும் இல்லாத இடத்துல இருக்கிற மீனுக்கும் அந்த அணையால பாதிப்பு வரும், அதுவும் யாருமே ஆத்துப் பக்கம் போகாத ஜனவரி மாசத்துல. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல கிரீன் ஆத்துக்குக் குறுக்க இருக்கிற ஃப்ளேமிங் கார்ஜ் அணையை எடுத்துக்கோங்க, 502 அடி உயரம், 1964-ல கட்டி முடிச்சாங்க. அதுக்குக் கீழ ஓடுற ஆத்துல கொலராடோ பைக்மின்னோ, ரேஸர்பேக் சக்கர்னு ரெண்டு மீன் இருக்கு, ரெண்டுமே அழிவின் விளிம்புல இருக்கிறதா அமெரிக்க அரசு பட்டியல் போட்ட இனம். பைக்மின்னோ ஒரு காலத்துல 6 அடி வரைக்கும் வளர்ந்த மீன்!

இந்த மீன்களை அப்ப யாரும் மதிக்கலைங்கிறதையும் சொல்லணும். 1962 செப்டம்பர்ல, அணையில தண்ணி தேக்குறதுக்கு முன்னாடி, டிரவுட் மீன் விடணும்னு ஆத்துல நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு ரோட்டினோன் விஷத்தைக் கலந்தாங்க, உள்ளூர் மீனெல்லாம் வேண்டாத மீன்னு. கீழ்ப்பக்கம் விஷத்தை முறிக்க ஏற்பாடு பண்ணியும் அதைத் தாண்டி டைனோசர் தேசிய நினைவிடம்ங்கிற பாதுகாக்கப்பட்ட பகுதி வரைக்கும் விஷம் போயிருச்சு. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறாது. அஞ்சே வருஷத்துல, 1967-ல, அதே பைக்மின்னோவை அழியுற இனம்னு அரசே அறிவிச்சுது.

சரி, பனிக்காலத்துக்கு வருவோம். மீன் குளிர் ரத்தப் பிராணி, தண்ணி பூஜ்யம் டிகிரி பக்கம் போனா அதோட உடம்பு வேலை செய்யற வேகமே குறைஞ்சிரும், பெருசா சாப்பிடாது, கோடையில சேர்த்த கொழுப்புதான் வசந்தம் வரைக்கும் அதுக்குக் கைச்செலவுக் காசு. அதனால நீரோட்டத்தோட மல்லுக்கட்டாம இருக்கிற இடத்தைத் தேடிப் போய் ஒதுங்கும். 1980-கள்ல பெரிய மீன்களுக்கு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வச்சுப் பின்தொடர்ந்தப்போ, மெதுவா ஓடுற பகுதி, சுழல், கரையோரத் தேக்கம், இந்த மாதிரி இடங்கள்லதான் இருந்துச்சுங்க.

குஞ்சுகளோட நிலைமை இன்னும் கஷ்டம். கிரீன் ஆத்துல வந்து கலக்குற யாம்பா ஆத்தோட பள்ளத்தாக்குல கோடையில பொரிச்சு, ஓட்டத்தோட மிதந்து வந்து, ஜென்சன் ஊருக்குக் கீழ மணல் திட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஆழமில்லாத, கிட்டத்தட்ட அசையாத தண்ணியில தங்கி வளரும். பனிக்காலம் தொடங்கும்போது அது விரல் நீளம்கூட இருக்காது, கொழுப்பும் கொஞ்சம்தான். இந்த மாதிரி ஒரு தேக்கத்துல மேல பனிக்கட்டி மூடி, அடியில குஞ்சுங்க ஒதுங்கியிருக்குன்னு வச்சுக்கோங்க, மின்சாரத் தேவைக்காக அணையில தண்ணியைக் கூட்டித் திறந்த அலை ஒரு நாளோ அதுக்கு மேலயோ கழிச்சு இங்க வந்து சேருது. பனிக்கட்டி கரையை விட்டுத் தூக்கிக்குது, ஓரத்துல வெடிக்குது, ஆத்தோட நடு ஓட்டத்துத் தண்ணி திட்டைத் தாண்டி உள்ள நுழையுது. அப்புறம் மட்டம் இறங்கினா தேக்கமே வத்தி, குஞ்சு வெளிய ஓட்டத்துக்குப் போயே ஆகணும். தினமும் இப்படி நடந்தா மார்ச் வரைக்கும் வரவேண்டிய கொழுப்பு முன்னாடியே கரைஞ்சிரும்.

இந்த ஏத்தம் இறக்கம் ஏன்னா, நீர்மின் நிலையத்தோட பெரிய பலமே நினைச்ச நேரத்துல கூட்டிக் குறைக்கிறதுதான். பனிக்காலத்துல காலையிலயும் சாயங்காலமும் ஹீட்டர் போடுற நேரம் மின்தேவை எகிறும், அப்ப திறப்பாங்க, ராத்திரி குறைப்பாங்க. அங்க குறைந்தபட்சத் திறப்பு விநாடிக்கு 800 கன அடி, டர்பைன் எல்லாம் முழுசா ஓடினா சுமார் 4,600 கன அடி, அதாவது அஞ்சு மடங்குக்கு மேல.

இன்னொரு சிக்கல் வெப்பநிலை. தண்ணிக்கு அடர்த்தி அதிகமா இருக்கிறது 4 டிகிரியில, அதனால பனிக்காலத்துல அணையோட ஆழத்துல அந்தத் தண்ணிதான் நிக்கும். அது வெளிய வரும்போது ஆறு இயல்பா இருக்கவேண்டியதை விட வெதுவெதுப்பா இருக்கும், அணைக்குக் கீழ ரொம்ப தூரம் ஆறு உறையவே உறையாது. மூடி இல்லாத தண்ணி கடுங்குளிர் ராத்திரியில பூஜ்யத்துக்கும் கீழ போனா ஊசி ஊசியா பனித்துகள் உண்டாகி ஓட்டத்தோட போய், கீழ அடியிலயும் கரையோரத்துலயும் ஒட்டி அடைச்சுக்கும். நிலையான பனிமூடி இருந்தா இது நடக்காது, மூடியே மீனுக்குப் பாதுகாப்பு.

இந்த மீன்களுக்காக அணையில எப்படித் தண்ணி திறக்கணும்னு 2000-ல விஞ்ஞானிகள் கொடுத்த பரிந்துரை, 2006-ல அரசு முடிவா வந்துச்சு. அதுல எனக்குப் பிடிச்சது ஒரு சின்ன எண்: மின் உற்பத்திக்காகத் தண்ணியைக் கூட்டிக் குறைச்சாலும், சுமார் 150 கிலோமீட்டர் கீழ இருக்கிற ஜென்சன் அளவுமானியில ஒரு நாளைக்கு நீர்மட்டம் 0.1 மீட்டருக்கு மேல மாறக்கூடாது. அதாவது பத்து சென்டிமீட்டர். இதனால ஒரு நாள்ல திறக்கிற மொத்தத் தண்ணி குறையாது, திறக்கிற நேரம்தான் பரவலாகும், விலை அதிகமா கிடைக்கிற நேரத்து மின்சாரம் கொஞ்சம் போகும். அந்த நஷ்டம் நியாயமானதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஆனா வறட்சி வந்தா கணக்கு மாறுது. 2022-ல, கீழ கொலராடோ ஆத்துல இருக்கிற பவல் ஏரிங்கிற நீர்த்தேக்கத்தைக் காப்பாத்த ஃப்ளேமிங் கார்ஜ்லேருந்து ஒரு வருஷத்துல கூடுதலா 5 லட்சம் ஏக்கர் அடி, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 22 டி.எம்.சி., திறக்கத் திட்டம் போட்டாங்க. இவ்வளவு தண்ணி பனிக்காலத்துலயும் போகவேண்டி வந்தா, ஆறு உறையறதுக்கு முன்னாடியே மட்டத்தை ஏத்திட்டு அதுலயே நிறுத்தி வைக்கிறது நல்லது, உறைஞ்ச பிறகு ஏத்தினா அந்த மூடி உடைஞ்சுதான் போகும்.