பத்திரம் பெட்டியில், நிலம் பக்கத்து வீட்டுக்காரர் கையில்

சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவர், ஊரில் வாங்கிப் போட்ட 8 சென்ட் மனையை 14 வருஷம் கழித்து வந்து பார்த்தார். பக்கத்து மனைக்காரர் அதையும் சேர்த்து வேலி போட்டு, வைத்த தென்னைகள் காய்ப்புக்கே வந்துவிட்டன. "பத்திரம், பட்டா எல்லாம் என் பேர்ல இருக்கு. அப்புறம் என்ன சார்?" என்றார்.

1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் உங்கள் உரிமைக்கு எதிராக நிலத்தை அனுபவிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 வருஷத்துக்குள் நீங்கள் வழக்குப் போட வேண்டும். விட்டால் வழக்கு மட்டும் போகாது, உரிமையே போய்விடும். அரசு நிலமென்றால் 30 வருஷம். இதுதான் எதிரிடை அனுபவ பாத்தியம்.

வாடகைக்கு இருப்பவரோ, நீங்களே தங்கவைத்த உறவினரோ வெறும் வருஷக் கணக்கைக் காட்டி நிலத்தைக் கேட்க முடியாது. அது உங்கள் சம்மதத்தில் வந்த அனுபவம். எதிரிடை அனுபவம் என்பவர், எந்தத் தேதியிலிருந்து உங்கள் உரிமையை மறுத்து, எல்லாருக்கும் தெரிய, இடைவிடாமல் அனுபவித்தார் என்று நிரூபிக்க வேண்டும்.

இந்தச் சட்டம் நியாயமற்றது, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று 2008-இல் ஹேமாஜி வாகாஜி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2019-இல் அதே நீதிமன்றம், அனுபவத்தில் இருப்பவர் தானே வாதியாக வந்தும் உரிமை கேட்கலாம் என்றது. 2023-இல் சட்ட ஆணையம் தன் 280-ஆவது அறிக்கையில் மாற்றமே தேவையில்லை என்று முடித்துவிட்டது.

எனக்கு இதில் உடன்பாடில்லை. இங்கிலாந்தில் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவான நிலத்தில் 10 வருஷம் இருந்தவர் பதிவகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பதிவகம் உரிமையாளருக்குத் தகவல் அனுப்பும். அவர் ஆட்சேபித்தால், பெரும்பாலும் இடத்தை மீட்க இன்னும் 2 வருஷம் கிடைக்கும். நம் ஊரிலோ நீதிமன்றச் சம்மன் வரும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. இங்கே பத்திரப்பதிவு உரிமைக்கு முழு உத்தரவாதம் இல்லை என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, சரி. பத்திரத்தில் உள்ள முகவரிக்கு ஒரு கடிதமாவது கட்டாயமாக்கலாமே?

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலோ, போலீசில் புகார் கொடுத்தாலோ அந்த 12 வருஷ ஓட்டம் நிற்காது. வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

சிங்கப்பூர்க்காரருக்கு வழக்குப் போட்டிருக்கிறோம். வேலி எந்த வருஷம் போட்டது என்பதில்தான் சண்டை. தென்னைகளின் வயதை நேரில் பார்த்துச் சொல்ல நீதிமன்றம் ஓர் ஆணையரை நியமிக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன்.