பால் ஸ்டோர் வாடையும் எரிபொருள் கலமும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் விழாவுக்கு, ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் சின்ன எரிபொருள் கலம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் அதில் இணைத்த காற்றாடி நன்றாகச் சுற்றியது. மறுநாள் காலையில் பாதி வேகம்தான். ஹைட்ரஜன் இருந்தது, இணைப்பும் சரி, தண்ணீரும் தேங்கவில்லை. ரப்பர் பாலைச் சேகரித்து வைக்கும் பால் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்தான் முகர்ந்து பார்த்துக் கேட்டார்: "தம்பி, ராத்திரி இத எங்க வெச்சிருந்தீங்க? அமோனியா வாடை அடிக்குதே."

ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா கலப்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கலத்தை நான் வைத்திருந்தது அந்த ஸ்டோரில்தான்.

காற்று புகும் மின்முனையான காத்தோடில், வினையை ஊக்குவிக்கும், சில நானோமீட்டர் அளவுள்ள பிளாட்டினத் துகள்கள் கரித்தூளில் ஒட்டியிருக்கும். காற்றிலிருந்து ஆக்சிஜன், கரி வழியாக எலெக்ட்ரான், அயனோமர் என்ற அமிலப் பாலிமர் வழியாக ஹைட்ரஜனிலிருந்து பிரிந்த புரோட்டான், மூன்றும் ஒரே துகளில் கூட வேண்டும். புரோட்டான் எட்டாத பிளாட்டினம் சும்மா கிடக்கும். 1980களின் பிற்பகுதியில் மின்முனைக்குள்ளேயே அயனோமரை ஊட்டத் தொடங்கியதும், சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராமாக இருந்த பிளாட்டினம் 0.4 ஆகக் குறைந்தது இதனால்தான். அளவும் முக்கியம். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அயனோமர் போதும். கூடினால் நுண்துளைகள் அடைபட்டு ஆக்சிஜன் திணறும்.

அமோனியா கெடுப்பது பெரும்பாலும் இந்த அயனோமரைத்தான். அமிலத்திலுள்ள புரோட்டானைப் பிடித்து அமோனியம் அயனியாகி, அதன் இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். பிளாட்டினத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வழி அடைபட்ட பிறகு துகளைக் கூட்டி என்ன பயன்? வாகனங்களுக்கான ஹைட்ரஜன் தரநிலை அமோனியாவுக்கு 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.1 பங்கு)தான் அனுமதிக்கிறது. ஆனால் அந்த வரம்பு எரிபொருளுக்கு. காத்தோட் இழுக்கும் காற்றை நாம்தான் கவனிக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் பட்ட பாதிப்பு என்றால், சுத்தமான ஹைட்ரஜனிலும் காற்றிலும் பல மணி நேரம் ஓட்டினால் பெருமளவு மீளும். நீண்ட நாள் பட்டால் முழுதாக மீளாது.

பள்ளியில் இப்படிக் கலம் வைத்திருப்பவர்கள் அதை உர ஸ்டோர், கோழிக் கொட்டகை, கழிவறை பக்கம் வைக்காதீர்கள். மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். காற்று வடிகட்டிக்குச் சாதாரண கரி போதாது, அமிலம் ஊட்டிய கரியாகக் கேட்டு வாங்குங்கள்.