சிறையிலிருந்து வந்தவரின் வழக்கும் நீதிமன்றத்தின் தேதிக் கணக்கும்

அமெரிக்கச் சிறை ஒன்றில் காவலர் அடித்துவிட்டார், அல்லது நெஞ்சுவலி என்று கெஞ்சியும் மருத்துவரிடம் கூட்டிப்போகவில்லை என்று ஒரு கைதி ஃபெடரல் நீதிமன்றத்தில், அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்தில், வழக்குப் போடுகிறார். வழக்கு நடக்கும்போதே தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்துவிடுகிறார். கையில் காசில்லை, வக்கீல் இல்லை, தானே வாதாட வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில் ஜூரி முன்னால் போய் நிற்பவை மிகக் குறைவு. மற்றவற்றின் கதி அதற்கு வெகு முன்பே, சில பக்கங்களே வரும் ஓர் ஆணையில் உள்ள தேதிகளைச் சுற்றித் தீர்மானமாகிவிடுகிறது. அதைக் கால அட்டவணை ஆணை என்று சொல்லலாம்.

வழக்குக்கு அடிப்படையாக இருப்பது 1871-ல் வந்த சட்டம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநிலங்களில் கூ க்ளக்ஸ் க்ளான் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று குவித்தபோது, மாநில அதிகாரிகள் கைகட்டி நின்றார்கள். அரசு அதிகாரி ஒருவர் அரசியல் சாசன உரிமையைப் பறித்தால் அவர்மீது நேரடியாக நஷ்டஈடு கேட்கலாம் என்று அந்தச் சட்டம் வழிசெய்தது. பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்த அதை 1961-ல் உச்ச நீதிமன்றம் தட்டி எழுப்பியது. மாநிலச் சிறை, உள்ளூர்ச் சிறை அதிகாரிகள் மீது இன்று போடப்படும் உரிமை வழக்குகள் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் வருகின்றன.

வழக்கு எந்த வழியில் வந்தாலும் அதை நடத்துவது 1938-ல் நடைமுறைக்கு வந்த ஃபெடரல் சிவில் நடைமுறை விதிகள். அதில் 16-ஆம் விதிதான் நீதிபதி கையில் நாட்காட்டியைக் கொடுக்கிறது. 1983-ல் அதைத் திருத்தி, அட்டவணை ஆணை போடுவதைக் கட்டாயமாக்கினார்கள். பிரதிவாதிகளில் ஒருவருக்குச் சம்மன் சேர்ந்து 90 நாள், அல்லது ஒருவர் ஆஜராகி 60 நாள், இதில் எது முந்துகிறதோ அதற்குள் ஆணை வந்துவிட வேண்டும். நான்கு கெடுக்கள் அதில் இருந்தே ஆக வேண்டும்: புதிய ஆட்களை வழக்கில் சேர்க்க, வழக்கு மனுவைத் திருத்த, ஆதாரம் திரட்டி முடிக்க, நீதிபதியிடம் உத்தரவு கேட்கும் மற்ற மனுக்களைத் தாக்கல் செய்ய. விசாரணைக்கு முந்தைய இறுதிக் கூட்டம், ஜூரி விசாரணை ஆகியவற்றுக்கும் பல நீதிபதிகள் அப்போதே தேதி குறித்துவிடுவார்கள்.

சாதாரண வழக்கில் இந்தத் தேதிகள் மேலிருந்து மட்டும் விழுவதில்லை. இரு தரப்பும் முதலில் தங்களுக்குள் பேச வேண்டும். நீதிபதியின் கூட்டத்துக்கு 21 நாள் முன்பாவது அந்தப் பேச்சு நடந்திருக்க வேண்டும். பேசி முடித்த 14 நாளுக்குள் கூட்டாக ஓர் அறிக்கை தர வேண்டும். சாட்சிகள் யார், ஆவணங்கள் என்னென்ன என்பதைக் கேட்காமலே ஒருவருக்கொருவர் தெரிவித்துவிட வேண்டும். ஆனால் காவலில் இருந்துகொண்டு வக்கீல் இல்லாமல் வழக்குத் தொடுப்பவருக்கு இவை எதுவும் கிடையாது. அறைக்குள் பூட்டிக்கிடக்கும் ஒருவரை அரசு வக்கீலோடு உட்காரவைத்துப் பேசச் சொல்வது நடக்காத காரியம்; விதியும் விலக்களிக்கிறது. அங்கே மாவட்ட நீதிபதிக்கு உதவும் மாஜிஸ்திரேட் நீதிபதி தானே தேதிகளைக் குறித்துத் தபாலில் அனுப்பிவிடுவார். விலக்கு கைதியின் சுமையைக் குறைக்கிறதுதான். ஆனாலும் எதிர்த்தரப்பு எந்த ஆவணத்தையும் தானாக எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

சரி, அவர் வெளியே வந்துவிட்டார். இப்போது என்ன மாறுகிறது?

வழக்குப் போட்ட அன்று அவர் எங்கே இருந்தார் என்பதுதான் பல விஷயங்களைத் தீர்மானிக்கிறது. 1996-ல் வந்த சிறைவாசிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டப்படி, கைதியாக இருப்பவர் சிறைக்குள் உள்ள புகார் நடைமுறையைக் கடைசிப் படிவரை முடித்த பிறகே நீதிமன்றத்துக்கு வர முடியும். கட்டணம் கட்ட வழியில்லை என்றாலும் முழு விலக்குக் கிடையாது. கைதியின் கணக்கில் வரும் மாத வருமானத்தில் 20 சதவீதமாகப் பிடித்துக்கொள்வார்கள். விடுதலையான பிறகு வழக்குப் போடுபவரை இந்தச் சட்டம் கைதியாகப் பார்ப்பதில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. உள்ளிருந்து வழக்குப் போட்டுவிட்டு நடுவில் வெளியே வந்தவரின் நிலைதான் சிக்கல். புகார் நடைமுறையை முடிக்கவில்லை என்ற குறை விடுதலையோடு மறைந்துவிடும் என்று நம்பி அவர் இருக்க முடியாது. அட்டவணை விஷயத்தில் நீதிபதி பழைய ஆணையையே தொடரலாம், இரு தரப்பையும் பேசச் சொல்லிப் புதிய ஆணை போடவும் செய்யலாம். புது ஆணை வரும்வரை பழைய தேதிகள் அப்படியே உயிரோடு இருக்கும்.

அதோடு ஒரு பாதுகாப்பு சத்தமில்லாமல் போய்விடுகிறது. கைதி ஒருவர் தன் மனுவைச் சிறை அலுவலரிடம் தபாலுக்குக் கொடுத்த நாளே அது தாக்கலான நாள் என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடு ஒன்றில் தீர்ப்பளித்தது. தபால் எப்போது போகும் என்பது கைதியின் கையில் இல்லை என்ற நியாயம்தான் காரணம். அந்தச் சலுகையைக் கீழ் நீதிமன்றங்கள் மற்ற மனுக்களுக்கும் நீட்டித்தன. வெளியே வந்தவருக்கு அது இல்லை. மனு நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் தாக்கல்.

இதைவிடப் பெரிய ஆபத்து முகவரி. விடுதலையாகிறவர் முதல் வாரம் அக்கா வீட்டில் இருப்பார், அப்புறம் மறுவாழ்வு விடுதி, அப்புறம் நண்பரின் அறை. நீதிமன்றம் மட்டும் சிறை முகவரிக்கே ஆணைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். அவை திரும்பி வரும். முகவரி மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது பல மாவட்ட நீதிமன்றங்களின் உள்ளூர் விதி. தெரிவிக்காவிட்டால், வழக்கை நடத்த அக்கறை காட்டவில்லை என்று தள்ளுபடி செய்யலாம். குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று யாரும் பார்க்காமலே ஒரு வழக்கு இப்படிச் செத்துப்போக முடியும். இந்த நடைமுறையிலேயே என்னை மிகவும் உறுத்துவது இதுதான். விடுதலைத் தாளோடு சேர்த்து ஒரு முகவரி மாற்றப் படிவத்தையும் கையில் கொடுத்தால் எத்தனையோ வழக்குகள் பிழைக்கும்.

ஆதாரம் திரட்டும் கட்டத்தில் தேதிக் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. எதிர்த்தரப்பு ஒவ்வொருவரிடமும் அதிகபட்சம் 25 எழுத்துக் கேள்விகள் கேட்கலாம். பதில் சொல்ல 30 நாள். தபாலில் அனுப்பினால் 3 நாள் கூடும். கெடு சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும். 2026 மார்ச் 2, திங்கட்கிழமை கேள்விகளைத் தபாலில் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் ஏப்ரல் 1-ல் முடிகிறது. 3 நாள் கூட்டினால் ஏப்ரல் 4, அது சனிக்கிழமை. ஆக, பதில் தரக் கடைசி நாள் ஏப்ரல் 6, திங்கள். ஆணையில் ஆதாரம் திரட்டி முடிக்கும் தேதி மார்ச் 20 என்று இருந்தால்? கேள்விகள் கெடுவுக்கு முன்பே போயிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் பதிலும் அதற்குள் வந்தாக வேண்டும். சில நீதிபதிகள் கெடுவுக்கு 60 நாள் முன்பே கேள்விகளை அனுப்பியிருக்க வேண்டும் என்று ஆணையிலேயே எழுதிவிடுவார்கள். சட்டம் படிக்காத ஒருவர் மார்ச் 20 என்ற தேதியைப் பார்த்துவிட்டு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

எதிர்த்திசையில் இது இன்னும் கொடூரமாக வெட்டும். "காவலர் உங்களை அடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று எதிர்த்தரப்பு எழுதி அனுப்பினால், உரிய நாளுக்குள் மறுத்துப் பதில் போட வேண்டும். போடாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நீதிபதி மனம் வைத்தால் அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதற்கும் மனுப் போட வேண்டும்.

ஆட்களைச் சேர்க்கும் கெடு கைதி வழக்குகளில் மிக முக்கியமானது. அடித்த காவலரின் பெயர் பல நேரங்களில் தெரியாது. அப்போது 'ஜான் டோ' என்ற புனைபெயரில் வழக்குப் போட்டு, பணிப் பட்டியல்களைக் கேட்டு வாங்கி, உண்மையான ஆளைக் கண்டுபிடித்து மனுவைத் திருத்த வேண்டும். அதற்குள் கெடு தாண்டினால் தக்க காரணம் காட்டி நீதிபதியின் சம்மதத்தையும் பெற்றால்தான் ஆணையை மாற்ற முடியும். தக்க காரணம் என்றால் என்ன என்பதை 1992-ல் ஒரு பனிச்சறுக்கு வழக்கில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியது. காயமடைந்தவர் மேமத் ரிக்ரியேஷன்ஸ் என்ற நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். பனிச்சறுக்குத் தளத்தை நடத்தியதோ அதன் கிளை நிறுவனம். எதிர்த்தரப்பு தன் பதில்களில் இதைச் சொல்லியும் அவர் தரப்பு கவனிக்கவில்லை. கெடு முடிந்து சில மாதங்கள் கழித்துச் சரியான நிறுவனத்தைச் சேர்க்கக் கேட்டபோது நீதிமன்றம் மறுத்தது, வழக்கே போயிற்று. முயன்றும் முடியாமல் போனதா என்பதுதான் கேள்வி, கவனக்குறைவுக்கு இடமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சிறையிலிருந்து வந்தவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: எந்தத் தேதியில் ஆவணம் கேட்டேன், எப்போது மறுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, அதைக் கெடு முடிவதற்கு முன்பே நீதிபதியிடம் காட்ட வேண்டும்.

நீதிபதிகள் ஏன் இவ்வளவு கறார்? குற்ற வழக்குகளுக்கு வேக விசாரணைச் சட்டம் முன்னுரிமை தருகிறது; சிவில் வழக்குகள் மிச்ச நேரத்தில்தான் நடக்கின்றன. 1990-ல் வந்த ஒரு சட்டப்படி, ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையிலுள்ள மனுக்களும் மூன்று ஆண்டுக்கு மேல் நீளும் வழக்குகளும் ஒவ்வொரு நீதிபதியின் பெயரிலும் ஆண்டுக்கு இருமுறை பட்டியலிட்டு வெளியிடப்படுகின்றன. சும்மா வாய்தா கேட்டால் கிடைக்காது. 1960 அக்டோபரில் இண்டியானாவில் ஒரு ரயில் விபத்து வழக்கில், விசாரணைக்கு முந்தைய கூட்டத்துக்கு வர முடியாது என்று வாதியின் வக்கீல் அன்று காலைதான் தொலைபேசியில் சொன்னார். ஆறு ஆண்டு பழைய வழக்கை நீதிபதி அன்றைக்கே தள்ளுபடி செய்தார். 1962-ல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அதைச் சரி என்றது.

வக்கீல் இல்லாதவருக்குக் கருணையே இல்லையா என்றால், இருக்கிறது. இல்லினாய் சிறையில் தனி அறையில் அடைக்கப்பட்டுத் தரையில் படுக்கவைக்கப்பட்டதால் கால் கோளாறு மோசமானதாகச் சொன்ன ஒரு முதிய கைதியின் வழக்கில், தானே எழுதிய மனுவை வக்கீல் எழுதியதைப் போல அளக்கக் கூடாது என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தக் கருணை மனுவின் வாசகத்துக்கு. தேதிகளுக்கு அது அவ்வளவாக நீள்வதில்லை. இலவச வக்கீல் கேட்கலாம். ஆனால் ஏழை வாதிக்காக வாதாடும்படி வக்கீலைக் கேட்க நீதிபதிக்கு வழிசெய்யும் சட்டப் பிரிவில், எந்த வக்கீலையும் கட்டாயப்படுத்த இடமில்லை என்பதும் 1989-லேயே முடிவான விஷயம்.

ஆதாரக் கட்டம் முடிந்ததும், விசாரணையே தேவையில்லை, இப்போதே தீர்ப்புத் தாருங்கள் என்று அரசுத் தரப்பு கேட்கும். அதற்குச் சத்தியம் செய்த வாக்குமூலங்களோடு பதில் போடாமல் விட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. தெளிவாக நிலைநாட்டப்பட்ட உரிமையை மீறாத அதிகாரியிடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்ற சட்டக் காப்பு காவலர்களுக்கு உண்டு என்ற வாதத்தை நீதிபதி சட்டக் காரணத்தால் நிராகரித்தால், அவர்கள் நடுவிலேயே மேல்முறையீடு போகலாம். அதுவரை ஜூரி விசாரணைத் தேதி பொதுவாக நின்றுவிடும். வாதி ஒரு கெடுவைத் தாண்டினால் வழக்குப் போகிறது, எதிர்த்தரப்புக்கோ அட்டவணையையே நிறுத்திவைக்கும் வழி இருக்கிறது. இது சமமான ஆட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவையும் கடந்தால் இறுதிக் கூட்டம். அதில் போடப்படும் ஆணை அப்பட்டமான அநீதியைத் தடுப்பதற்காக மட்டுமே மாற்றப்படும். அதில் பெயரில்லாத சாட்சியை அப்புறம் கொண்டுவருவது மிகக் கடினம். வெளியே வந்தவரின் சாட்சிகள் பலர் இன்னும் உள்ளே இருப்பார்கள். அவர்களைக் கூட்டிவரத் தனி ஆணை கேட்டு, ஒவ்வொரு சாட்சியும் கண்ணால் எதைப் பார்த்தார் என்று எழுதி, குறித்த தேதிக்குள் மனுப் போட வேண்டும். தண்டனை பெற்றவர்களோடு அனுமதியின்றித் தொடர்பு கூடாது என்ற நிபந்தனை விடுதலையோடு வந்திருந்தால், அந்தச் சாட்சிக்கு ஒரு கடிதம் எழுதுவதற்கே கண்காணிப்பு அதிகாரியைக் கேட்க வேண்டியிருக்கும். வெளியில் உள்ள சாட்சிக்கு நாளொன்றுக்கு 40 டாலரும் பயணச் செலவும் முன்கூட்டியே தர வேண்டும். ஏழை என்று கட்டணச் சலுகை பெற்றவருக்கும் இந்தப் பணத்தை நீதிமன்றம் பொதுவாகத் தருவதில்லை. சாட்சி தொலைவில் இருந்தால் காணொளி வழியாகப் பேசவைக்க நீதிபதியிடம் கேட்கலாம். வலுவான காரணம் இருந்தால் அனுமதி கிடைக்கும்.